எடைக்குறைப்பு மருந்துகளில் எது நல்லது? முதலில் உங்களுக்கு ஆகாததைக் கழியுங்கள்

கேள்வி இது: 41 வயது, 165 செ.மீ. உயரம், 92 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு தினம் ஒரு மாத்திரை, தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்ஸின். சர்க்கரை நோய் இல்லை. எடை குறைய ஊசி போடலாமா, மாத்திரை போதுமா, இருப்பதில் எது நல்லது?

உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் கணக்கான பிஎம்ஐ உங்களுக்கு 33.8 வருகிறது. மருந்து தொடங்குவதற்கு வழக்கமாக வைக்கும் வரம்பு 30. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற துணைநோய் இருந்தால் 27 போதும். ஆசிய இனத்தவருக்கு இந்த வரம்பையே இன்னும் கீழே வைக்கும் வழிகாட்டுதல்களும் உண்டு. ஆகவே மருந்து தேவையா என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. எந்த மருந்து என்பதுதான் பாக்கி.

எது அதிகமாகக் குறைக்கும் என்பதற்கு விடை தெரிந்த ஒன்றுதான். ஆனால் அதை வைத்து மட்டும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் மாத்திரைக்கும் எது ஒத்துவராது, வருடக்கணக்கில் எதைத் தொடர முடியும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். அப்படிக் கழித்துக்கொண்டு வந்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிர்செபடைட் வாரம் ஒரு ஊசி. சர்க்கரை நோய் இல்லாத 2,539 பேரிடம் 72 வாரம் நடந்த ஆய்வில் 5 மி.கி. டோஸுக்குச் சராசரியாக 15.0 சதவீதமும், 10 மி.கி.க்கு 19.5 சதவீதமும், 15 மி.கி.க்கு 20.9 சதவீதமும் எடை குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 3.1. செமாக்ளூடைட் 2.4 மி.கி., இதுவும் வாரம் ஒரு ஊசி, 68 வாரத்தில் 14.9 சதவீதம், அங்கே வெறும் ஊசிக்கு 2.4. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு 2025-இல் வெளியான ஆய்வில் டிர்செபடைட் 20.2, செமாக்ளூடைட் 13.7. லிராக்ளூடைட் 3 மி.கி. தினமும் போட வேண்டிய ஊசி. 56 வாரத்தில் 8 சதவீதம்.

மாத்திரைகளில் ஃபென்டெர்மைனும் டோபிரமேட்டும் சேர்ந்தது 56 வாரத்தில் நடு டோஸில் 7.8, முழு டோஸில் 9.8 சதவீதம். நால்ட்ரெக்ஸோனும் புப்ரோபியோனும் சேர்ந்தது சுமார் 6. ஆர்லிஸ்டாட்டை நான்கு வருடம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 5.8 கிலோ குறைந்தது, வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 3 கிலோ.

92 கிலோவில் இதைப் போட்டுப் பார்த்தால், டிர்செபடைட் முழு டோஸில் சராசரிக் கணக்கு 73 கிலோ அருகில் நிற்கும், செமாக்ளூடைட்டில் 78, லிராக்ளூடைட்டில் 84 முதல் 85. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைப்பது தோராயமான ஒப்பீடுதான், ஆட்களும் கால அளவும் வேறு. இன்னொன்று, இவையெல்லாம் சராசரி. செமாக்ளூடைட் ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எல்லா மருந்துமே குறைவாகத்தான் வேலை செய்கிறது: செமாக்ளூடைட் 9.6, டிர்செபடைட் 15 மி.கி. 14.7. உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்பது இந்த வகையில் சாதகம்.

இனி, கழிக்கும் வேலை.

ஃபென்டெர்மைன் தனி மாத்திரை 1959 முதல் இருக்கிறது, விலை மலிவு, பசியைப் பட்டென்று அடக்கும். ஆனால் அது ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த தூண்டுமருந்து. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், வாய் வறளும், சாயங்காலம் போட்டால் ராத்தூக்கம் போய்விடும். சில வாரங்களுக்கு மட்டுமே என்றுதான் அதற்கு அனுமதி. இதயநோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண் நீரழுத்தம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இவை இருந்தால் தொடவே கூடாது. தைராய்டு குறைவுதானே, எனக்கென்ன என்று நினைக்கலாம். லெவோதைராக்ஸின் டோஸ் தேவைக்கு மேல் போய், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்ஹெச் மிகவும் இறங்கிக் கிடந்தால் உடம்பு தைராய்டு அதிகமான நிலையில்தான் இருக்கும். அதன்மேல் ஃபென்டெர்மைனும் சேர்ந்தால் படபடப்பு எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. உங்கள் பட்டியலில் இதை அடித்துவிடலாம்.

டோபிரமேட் சேர்ந்த மாத்திரையில் ஃபென்டெர்மைன் அளவு குறைவு. எடை இறங்குவதால் அழுத்தம் கொஞ்சம் இறங்கவும் செய்யும், நாடி மட்டும் ஏறலாம். 3.75/23 மி.கி.யில் (முதல் எண் ஃபென்டெர்மைன், அடுத்தது டோபிரமேட்) 14 நாள், பிறகு 7.5/46. அந்த டோஸில் 12 வாரம் இருந்தும் 3 சதவீதம் குறையாவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும் அல்லது டோஸை ஏற்ற வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பேச வந்த சொல் நாக்கில் நின்றுபோகும், சிறுநீரகக் கல் வரலாம். முழு டோஸை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஒரு வாரமாவது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரவைக்கக்கூடும் என்பதால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் தொடங்கும் முன்பும் பிறகு மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நம்பகமான கருத்தடை இல்லாமல் இந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பதே தவறு.

நால்ட்ரெக்ஸோன், புப்ரோபியோன் ஜோடி 8/90 மி.கி. மாத்திரை. முதல் வாரம் காலையில் ஒன்று. இரண்டாம் வாரம் காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாம் வாரம் காலை இரண்டு, மாலை ஒன்று. நான்காம் வாரத்திலிருந்து இரு வேளையும் இரண்டிரண்டு. உடைக்கவோ மெல்லவோ கூடாது. எண்ணெய் நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து அளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறிவிடும். வலிப்பு வந்தவர்களுக்கும், பட்டினி கிடப்பது, வாந்தியெடுத்துக் கழிப்பது போன்ற உணவுக்கோளாறு இருந்தவர்களுக்கும், ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் இது தடை. டிரமடாலும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் இந்த ஓபியாய்டு கணக்கில் வரும். பலர் அதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஆகாது. உங்களுடையது மாத்திரையில் கட்டுக்குள் இருந்தாலும் இந்த மருந்து அதை ஏற்றக்கூடும். சாப்பாட்டு ஆசையும் மனச்சோர்வும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதற்கென்று ஓர் இடம் உண்டு, மனநிலை மாற்றத்தைக் கண்காணிக்கும் மருத்துவர் கூடவே இருந்தால். உங்களுக்கு இது முதல் தேர்வாக வராது.

ஆர்லிஸ்டாட் ரத்த அழுத்தத்தைத் தொடாது. குடலிலேயே நின்று, சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடம்பில் சேராமல் தடுத்து வெளியே அனுப்புகிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. கொழுப்புள்ள ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள், 120 மி.கி. கொழுப்பு இல்லாத வேளைக்கு மாத்திரையும் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட அன்று உள்ளாடையில் மஞ்சளாக எண்ணெய் கசியும், அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வைக்கும். சாப்பாட்டுக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. உங்களுக்கு முக்கியமானது லெவோதைராக்ஸின். இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஆர்லிஸ்டாட்டை மதியச் சாப்பாட்டிலிருந்து என்று வைத்தால் குழப்பம் வராது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் இது கூடவே அடித்துக்கொண்டு போகும், ஆகவே ராத்திரி படுக்கும்போது ஒரு மல்டிவைட்டமின், கடைசி ஆர்லிஸ்டாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. பலன் சிறியது. ஊசி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு இது நேர்மையான இரண்டாம் வழி.

மிஞ்சுவது ஊசிகள். இங்கே ஒரு குழப்பத்தை உடைக்க வேண்டும். செமாக்ளூடைட், டிர்செபடைட், லிராக்ளூடைட் மூன்றின் பெட்டியிலும் தைராய்டு எச்சரிக்கை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தைராய்டு குறைவு உள்ளவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். அந்த எச்சரிக்கை மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் என்ற அரிய வகையைப் பற்றியது. எலிகளில் அந்த வகைக் கட்டி வந்ததால், உங்களுக்கோ ரத்த உறவிலோ அந்தப் புற்றுநோய் இருந்தாலோ, மென்-2 என்ற பரம்பரைக் கோளாறு இருந்தாலோ போடக் கூடாது என்கிறார்கள். லெவோதைராக்ஸின் எடுக்கும் சாதாரணத் தைராய்டு குறைவு இதில் சேராது. குடும்பத்தில் யாருக்காவது கழுத்தில் கட்டி என்று அறுவைசிகிச்சை நடந்திருந்தால் மட்டும், என்ன வகை என்று பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், இரைப்பை வேலை செய்யாமல் உணவு தேங்கும் நோய் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் செமாக்ளூடைட்டை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும், அது உடம்பை விட்டுப் போக அவ்வளவு காலம் ஆகிறது. டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். தொடங்கிய 4 வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பின் 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பு வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது, அதனால் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிர்செபடைட்டா, செமாக்ளூடைட்டா? எடைக் கணக்கில் டிர்செபடைட் முன்னால். இதயக் கணக்கில் செமாக்ளூடைட்டுக்கு வலுவான சான்று உண்டு: ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு இதயநோய் இல்லை என்பதால் அந்தப் பலனை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. தூக்கத்தில் மூச்சுத் தடையும் குறட்டையும் இருந்தால் டிர்செபடைட் பக்கம் தராசு சாயும்; அந்த நோய்க்கே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. எது தடையில்லாமல் தொடர்ந்து கிடைக்கும், எதற்குப் பல மாதம் செலவழிக்க முடியும் என்பதும் இதே தட்டில் வைக்க வேண்டிய எடைதான். பாதியில் நின்றுபோகும் சிறந்த மருந்தைவிட, விடாமல் போடும் இரண்டாவது மருந்து மேல்.

பெயரில் ஏமாறாதீர்கள். ஓசெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைட். மௌன்ஜாரோ, செப்பவுண்ட் இரண்டிலும் டிர்செபடைட். ரைபெல்சஸ் மாத்திரையும் செமாக்ளூடைட்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், இரண்டைச் சேர்க்கக் கூடாது. ரைபெல்சஸ் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அதை வெறும் வயிற்றில் 120 மி.லி.க்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் வேறு எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். லெவோதைராக்ஸினும் அதே வெறும் வயிற்றைத்தான் கேட்கிறது. சேர்த்து எடுத்தால் தைராய்டு மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது.

ஏற்றும் முறை: செமாக்ளூடைட் 0.25, 0.5, 1.0, 1.7 மி.கி. என்று ஒவ்வொன்றும் 4 வாரம். 17-ஆம் வாரத்தில் 2.4. டிர்செபடைட் 2.5 மி.கி.யில் 4 வாரம், பிறகு 5. அதற்குப் பின் தேவைப்பட்டால் மட்டும் 4 வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி, அதிகபட்சம் 15. முதல் டோஸ் எடை குறைக்கும் டோஸே அல்ல, வயிற்றைப் பழக்கும் டோஸ். முதல் மாதம் தராசு அசையவில்லை என்று அவசரப்பட்டு ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி ஏற்றியவர்கள்தான் ஓயாத வாந்தியோடு திரும்பி வருகிறார்கள். மாறாக, 5 மி.கி.யிலேயே நன்றாகக் குறைந்துகொண்டிருந்தால் ஏற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வயிற்றில், தொடையில், மேல்கையில் என்று வாராவாரம் இடம் மாற்றிப் போட வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டும், கரைந்த பிறகும் பயன்படாது. ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். நடுத்தட்டில், முன்பக்கமாக வையுங்கள். பயணத்தில் 30 டிகிரிக்குள் வீகோவி 28 நாளும் செப்பவுண்ட் 21 நாளும் தாங்கும். ஒரு வாரம் மறந்துவிட்டால்: செமாக்ளூடைட்டில் அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், இல்லையேல் விட்டுவிட வேண்டும். டிர்செபடைட்டில் தவறிய நாளிலிருந்து 4 நாளுக்குள் போடலாம். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய பெரிய டோஸில் திரும்ப நுழையாதீர்கள். எந்த டோஸில் மறுபடி தொடங்குவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தானாக அளக்கும் பேனாவில் பிசகு குறைவு. குப்பியில் வாங்கி இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்களிடம்தான் பயங்கரமான தவறுகள் நடக்கின்றன. 100 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் என்பது 1 மி.லி. குப்பியில் ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி. இருந்தால் 0.25 மி.கி. என்பது 10 யூனிட். ஒரு மி.லி.க்கு 5 மி.கி. குப்பியாக இருந்தால் அதே டோஸ் 5 யூனிட். போன மாதம் 10 யூனிட் எடுத்த பழக்கத்தில், இந்த மாதம் வந்த 5 மி.கி. குப்பியிலும் 10 எடுத்தால் டோஸ் இரட்டிப்பு. 0.05 மி.லி. என்று எழுதியதை 0.5 என்று படித்தால் பத்து மடங்கு, ஆஸ்பத்திரிவாசம்தான். மி.கி., மி.லி., யூனிட் மூன்றையும் மருந்தாளுநர் கையால் ஒரே தாளில் எழுதி வாங்கி, குப்பியோடு கட்டி வையுங்கள். குப்பி மாறினால் தாளும் மாற வேண்டும்.

குமட்டல் பாதிப் பேருக்கு அருகில் வரும். செமாக்ளூடைட் ஆய்வில் 44 சதவீதம். பெரும்பாலும் டோஸ் ஏற்றிய சில நாள் இருந்து தணியும். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, ஆகவே பழைய அளவு சாப்பாடு உள்ளே போனால் அது அங்கேயே நிற்கும். வயிறு நிறைந்தது என்ற முதல் அறிகுறியில் தட்டை நகர்த்திவிடுங்கள், இன்னும் இரண்டு வாய் என்பதுதான் வாந்தியாக வெளியே வருகிறது. எண்ணெயில் பொரித்தது அதிக நேரம் தங்கும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும். மூன்று நாளைத் தாண்டினால் மருந்து கேளுங்கள். குமட்டல் அடங்கவில்லையா, அதே டோஸில் இன்னும் 4 வாரம் இருந்துவிட்டு ஏற்றுவது எந்த வகையிலும் தோல்வி அல்ல.

பொறுக்கக் கூடாத அறிகுறிகள் வேறு. மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால் கணையம். வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும் எவருக்கும் இது வரலாம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினால், மிக அரிதான கண் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். மூன்றிலும் அடுத்த ஊசி வேண்டாம், அன்றே மருத்துவமனை.

ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். பழைய டோஸ் மாத்திரை அப்படியே ஓடினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். வீட்டில் வாரம் இரண்டு முறையாவது அளந்து எழுதி வையுங்கள். அந்த மாத்திரை சிறுநீர் போக்கும் வகையாகவோ, லிசினோபிரில், டெல்மிசார்டன் போன்ற வகையாகவோ இருந்து, வாந்தியும் பேதியும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும். அப்படிப்பட்ட நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லெவோதைராக்ஸினும் உடல் எடைக்கு ஏற்பக் கொடுக்கும் மருந்து. 10 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய டோஸ் அதிகமாகலாம். தொடங்கும் முன் ஒருமுறை டிஎஸ்ஹெச், பிறகு எடை நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அறுவைசிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ வந்தால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைச் சொல்லியே ஆக வேண்டும்: பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம்.

குறைகிற எடை முழுதும் கொழுப்பு அல்ல. அதில் கால் பங்கு, சில அளவீடுகளில் அதற்கும் மேல், தசையும் சேர்ந்த கொழுப்பில்லா எடை. பசியே இல்லாதபோது முதலில் குறைவது புரதம், அதனால் ஒவ்வொரு வேளையும் புரத உணவில் முதல் வாய் வையுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால் எடுப்பது போன்றதோ வேண்டும். வெறும் நடை தசையைக் காப்பாற்றப் போதாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். செமாக்ளூடைட்டை 68 வாரத்தில் நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை அடுத்த ஒரு வருடத்தில் திரும்பப் பெற்றார்கள். டிர்செபடைட்டிலும் இதே கதைதான்: 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைந்தவர்களில் மருந்தை மாற்றி வெறும் ஊசி போட்டவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது, தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5 சதவீதம் குறைந்தது. உடல்பருமன் நீண்டகால நோய், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் திரும்புவது போலத்தான் இதுவும். கல்யாணத்துக்குள் 10 கிலோ குறைய வேண்டும், பிறகு விட்டுவிடுவேன் என்ற கணக்குக்கு இந்த ஊசிகள் பொருந்தாது.

உங்கள் விவரங்களுக்கு என் கணிப்பு: மெடுல்லரி தைராய்டு புற்றுநோய், கணைய அழற்சி வரலாறு இல்லை என்றால் டிர்செபடைட் 2.5 மி.கி.யில் தொடக்கம், அது கிடைக்காவிட்டாலோ செலவு தாங்காவிட்டாலோ செமாக்ளூடைட், ஊசியே வேண்டாம் என்றால் ஆர்லிஸ்டாட், லெவோதைராக்ஸினோடு 4 மணி நேர இடைவெளி வைத்து. மருத்துவரிடம் போகும்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டை, கடைசி டிஎஸ்ஹெச், கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அறிக்கை, இரண்டு வார ரத்த அழுத்தக் குறிப்பு இவற்றோடு போங்கள். உடம்பு தாங்கும் முழு டோஸில் மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் 92 கிலோ 87-ஐத் தொடவில்லை என்றால், அதே மருந்தை இழுத்துக்கொண்டு போகாமல் வேறு மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அது.